எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவள்

கொரோனா வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், ஒரு டிசம்பர் மாதத்தில் நடந்தது இது. லுணுகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில். அன்றைக்கு எங்களுக்குப் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரக் கணிதப் பரீட்சை.

இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால், "ஓ, கால் ஒடிஞ்சு பரீட்சையைத் தவறவிட்ட கதையா?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். கால் ஒடிந்தது எனக்குத்தான். ஆனால் கதை என்னுடையது இல்லை, என் கூட்டாளியுடையது.

அவளும் நானும் ஒரே லயம். அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். முதலாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே பள்ளிக்கூடம் போனோம், ஒன்றாகவே திரும்பினோம். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தது. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் பதுளைக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். தங்க வைத்துப் படிப்பிக்க எத்தனை வீட்டில் முடியும்? அதனால் எங்கள் பள்ளிக்கூட அதிபருக்கு ஒரே ஆசை. நம் பள்ளிக்கூடத்துக்கே உயர்தர வகுப்பு கொண்டுவர வேண்டும். கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் கணக்கில் பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைத்துக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். கூட்டத்தில் எல்லா அதிபர்மாருக்கும் நடுவே அவரை எழுந்து நிற்கச் சொல்லி எங்கள் பரீட்சைப் பெறுபேற்றை வாசித்தார்களாம். இதை அவரே ஒருநாள் காலைக் கூட்டத்தில் எங்களிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பத்தாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சோதனை வைத்தார்கள். தேறக்கூடிய பிள்ளைகள் 'ஏ' வகுப்பு, மற்றவர்கள் 'பி'. அவள் 'ஏ'. நான் 'பி'.

'ஏ' வகுப்புக்குக் கணக்கு சேர், விஞ்ஞான டீச்சர் எல்லாரும் போனார்கள். சனிக்கிழமையும் வகுப்பு. அதிபரே வந்து படிப்பித்தார். எங்களைப் பழைய மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். நடனப் பாடம், சித்திரம், விளையாட்டு எல்லாவற்றையும் அந்த இரண்டு வருடத்துக்கு நிறுத்திவிட்டதால் நடன டீச்சருக்கு வேலை இல்லை. அவரை எங்களுக்குக் காவல் வைத்தார்கள். "இதுகள சத்தம் போடாம பாத்துக்கங்க, அது போதும்" என்று அதிபர் அவரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

பாவம் அந்த டீச்சர். எங்களைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்? சில நாள் கதவைச் சாத்திவிட்டு எங்களுக்கு நடனம் சொல்லித் தருவார். பாட்டு இல்லை, தாளம் இல்லை. கால் தரையில் படும் சத்தம் 'ஏ' வகுப்புக்குக் கேட்டுவிடக் கூடாது என்று விரல் நுனியில் நின்று ஆடுவோம். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளில் பையன்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒருத்தன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்கு, இன்னொருத்தன் வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்கு. ஏன் வரவில்லை என்று யாரும் தேடிப் போகவில்லை.

'ஏ' வகுப்பில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று நினைக்கிறீர்கள்? அவள் வழியில் சொல்லுவாள். காலையிலிருந்து பழைய வினாத்தாள், பழைய வினாத்தாள், திரும்பவும் பழைய வினாத்தாள். புத்தகத்தைத் திறப்பதே இல்லை. என் கூட்டாளிக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் ஏன் என்று கேட்கிற பழக்கம். வட்டத்துக்கு ஏன் அந்தச் சூத்திரம், கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் ஏன் கூட்டல் வருகிறது, இப்படி. கணக்கு சேர் ஒருநாள் பொறுமையில்லாமல், "ஏன்னு கேக்காத புள்ள, எப்பிடின்னு மட்டும் பாரு. ஏன்னு கேக்கவெல்லாம் நேரமில்ல" என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேள்வியைப் பார்த்தவுடனே இது எந்த வருடத்து வினாத்தாள் என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டாள். அதை ஒரு வேடிக்கை மாதிரிதான் எனக்குச் சொன்னாள். முகத்தில்தான் வேடிக்கை இல்லை.

பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற நேரம் வந்தபோது 'பி' வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாவை மட்டும் அதிபர் கூப்பிட்டார். இந்த வருடம் பள்ளிக்கூடத்தின் பெயரில் எழுத வேண்டாம், அடுத்த வருடம் வெளியாளாக எழுதட்டும் என்று தன்மையாகத்தான் கேட்டார். எங்களை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டால் பள்ளிக்கூடத்தின் பெறுபேறு உயரும். பலர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள். எங்கள் அப்பா பள்ளிக்கூடப் படி ஏறினாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "சேர், எம்புள்ள இந்த ஸ்கூல்லதானுங்களே படிச்சிச்சி. இந்த ஸ்கூல் பேருலயே எழுதட்டுமுங்க" என்றார். அதிபர் என் விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இப்படித்தான் நானும் அந்தப் பரீட்சைக்குப் போனேன். தேறுவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அப்பா கேட்டு வாங்கியதற்காகப் போனேன்.

கணக்குப் பரீட்சைக்கு முதல் நாளிலிருந்தே அடைமழை. விடியும்போது ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, பஸ் மேலே வராது என்று செய்தி வந்தது. சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் நிற்கிறதாம், தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் இறங்கி வந்தால் டவுனுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளை உடுப்பும் டையும் போட்டுக்கொண்டு, பேனா பென்சிலை எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நாங்கள் கூட்டமாக இறங்கினோம். பையன்கள் முன்னால் ஓடினார்கள். அவளும் முன்னால்தான் போனாள். நான் கடைசி.

பாதையை ஒட்டி, மலைத் தண்ணீர் வடிய வெட்டிய ஆழமான கான் ஒன்று போகிறது. மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் அதில் பாய்ந்து கொண்டிருந்தது. நான் கால் வைத்த இடத்தில் கானின் விளிம்பு அப்படியே பெயர்ந்து விழுந்தது. மண்ணோடு மண்ணாக நானும் உள்ளே போனேன். கல்லில் கால் மோதியபோது சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். முதலில் வலிக்கவில்லை. பார்த்தால் முழங்காலுக்குக் கீழே என் கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கத்தினேன்.

எல்லாரும் நின்றார்கள். ஒருத்தி அழுதாள். ஒரு பையன் கீழே இறங்கப் பார்த்தான். இன்னொருத்தன், "டேய், வேன் போயிரும்டா" என்றான். அவனைக் குறை சொல்லமாட்டேன். இரண்டு வருடமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர்களை வளர்த்திருந்தார்கள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்க எல்லாம் போங்க. ரோட்டுல யாரையாச்சும் கண்டா இங்க அனுப்பி வைங்க. நான் இவளக் கூட்டிக்கிட்டு வாறேன்" என்றாள். அவர்கள் போய்விட்டார்கள். வேலைக்குப் போகும் ஆட்களும் அன்றைக்கு மழையால் மலைக்கு வரவில்லை. அவள் கானுக்குள் இறங்கினாள். தண்ணீர் என் இடுப்புக்கு வந்திருந்தது.

"போடி, ஒனக்குப் பரீட்சை இருக்கு" என்று நான் அவளைத் தள்ளினேன்.

"ஒனக்கும் பரீட்சைதானே" என்றாள்.

அந்த வார்த்தையை நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன் என்று தெரியவில்லை. இரண்டு வருடத்தில் எனக்கும் ஒரு பரீட்சை இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

தேயிலைச் செடியிலிருந்து கம்பு மாதிரி மிலாறு இரண்டை முறித்து, எங்கள் இரண்டு பேருடைய டையாலும் என் காலோடு சேர்த்துக் கட்டினாள். எப்படித்தான் தூக்கினாளோ, அவள் என்னைவிட மெலிந்தவள். கானிலிருந்து இழுத்து வெளியே போட்டு, முதுகில் ஏற்றிக்கொண்டாள். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். நாங்கள் கொஞ்ச தூரம் இறங்கியதும் பின்னால் திடீரென்று ஒரு சத்தம். நான் விழுந்து கிடந்த இடம் மண்ணால் மூடியிருந்தது. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கால் வழுக்கி இரண்டு தரம் முழங்காலில் விழுந்தாள். என்னை விடவில்லை.

ரோட்டுக்கு வந்தபோது வேன் இல்லை. மழை மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அப்பால் பாண் ரொட்டி விற்கிற ஆட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கமெல்லாம் பாண் விற்க வருகிற முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் அவர் நானா. சரிவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பப் போகிறவர், எங்களைக் கண்டதும் பாட்டை நிறுத்தினார். அவரிடம் நாங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாண் தட்டுகளை எடுத்து ரோட்டோரக் கடை வாசலில் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் என்னைப் படுக்க வைத்தார்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குத்தானே மகள்?" என்றார்.

"இல்ல நானா, மொதல்ல பரீட்சைக்கு. அவள விட்டுட்டுப் போவோம்" என்று நான்தான் சொன்னேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் அந்த ஆட்டோவை ஓட்டியது மாதிரி யாரும் அந்த ரோட்டில் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் கேட் சாத்தியிருந்தது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மண்டபப் பொறுப்பாளரைக் கூட்டிவந்தார். வயதான மனிதர். குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவள் இந்தப் பக்கம். உடுப்பெல்லாம் செம்மண், இடுப்பில் என் காலின் இரத்தம். பரீட்சை தொடங்கி அரை மணித்தியாலம் வரைக்கும்தான் உள்ளே விடலாம். அது தாண்டிச் சற்று நேரமாகியிருந்தது.

"சேர், நான் எழுதிருவேன் சேர். இருக்கிற நேரம் போதும்" என்றாள்.

"எனக்கு விளங்குது மகள். எனக்கு அந்த அதிகாரம் இல்ல" என்றார்.

நானா ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடினார். "ஒரு புள்ளைய முதுகுல சொமந்துக்கிட்டு வந்ததுக்கா சேர் இந்தத் தண்டன? நீங்களே வந்து பாருங்க, உள்ள கெடக்கிறா" என்று சத்தம் போட்டார். அந்த மனிதர் ஆட்டோப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் விட்டுவிடுவோம் என்று பயந்தாரோ என்னவோ. "எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய கை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டாவது தாள மட்டும் எழுதினா சரிவருமா சேர்?" என்று கேட்டாள்.

"ரெண்டும் வேணும் மகள்."

"சரிங்க சேர்" என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. திரும்பி வந்து ஆட்டோவில் ஏறி, என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதுகொண்டு போனேன். அது காலுக்காக என்று நானா நினைத்திருப்பார்.

லுணுகலையிலிருந்து என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலுக்குக் கம்பி வைத்துக் கட்டினார்கள். என் மிச்சப் பரீட்சையெல்லாம் போனது. அவள் மற்றப் பாடங்களை எழுதி முடித்தாள்.

ஒருநாள் அதிபர் என்னைப் பார்க்க வார்டுக்கு வந்தார். தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை. காலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு யாரிடமோ பேசுகிற மாதிரிச் சொன்னார்: "நீ எழுதியிருந்தாலும் ஒண்ணுதான், எழுதாட்டியும் ஒண்ணுதான். அவ எழுதியிருந்தா 'ஏ' வந்திருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனசுல வச்சிக்காத புள்ள" என்றுவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதுதான் கொடுமை. இரண்டு வருடம் அந்தப் பழைய மண்டபத்தில் இருந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பெறுபேறு வந்தது. அவளுக்கு மற்றப் பாடம் எல்லாவற்றிலும் நல்ல சித்தி, எல்லாமே பாஸ். கணக்குக்கு நேரே, சமூகமளிக்கவில்லை என்று இருந்தது. கணக்கு இல்லாமல் உயர்தரத்துக்கு எடுக்க முடியாது என்று பதுளையில் கேட்ட பள்ளிக்கூடங்களில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உயர்தர வகுப்பும் கிடைக்கவில்லை. அதிபருக்கு மாற்றம் வந்து அவரும் போய்விட்டார்.

அந்த வருடம் அவள் அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போனது. வீட்டில் ஒருத்தராவது தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் லயத்துக் காம்பராவில் இருக்க விடமாட்டார்கள் என்ற பயம். அதனால் அம்மாவுக்குப் பதிலாக அவள் பெயரைப் பதிந்தார்கள். நேற்று வரைக்கும் என்னோடு பள்ளிக்கூடம் போனவள், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். அடுத்த டிசம்பரில் வெளியாளாக இருவரும் எழுதலாம் என்று அவள்தான் சொன்னாள். "ஒனக்கு நான் சொல்லித் தாறேன்" என்றாள்.

நான் காலைத் தூக்க முடியாமல் எங்கள் காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பேன். அவள் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவாள். ஒரு பழைய வினாத்தாளைக்கூட அவள் எடுக்கவில்லை. "அதெல்லாம் வேணாம். மொதல்ல வெளங்கணும்" என்பாள். நூற்றுக்கு எத்தனை என்கிற நூற்றுவீதக் கணக்கு எனக்கு எந்தக் காலத்திலும் விளங்கியதில்லை. ஈரக் கொழுந்து என்று எங்கள் அம்மாவுக்குத் தினமும் நிறையில் இவ்வளவு வீதம் என்று வெட்டுகிறார்களே, அதை வைத்து அவள் சொல்லித் தந்தபோது எனக்குப் பளிச்சென்று விளங்கியது. விளங்கிய வேகத்தில் எனக்குக் கோபமும் வந்தது, அம்மாவுக்கு எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் சிரித்தாள். "பாத்தியா, கணக்கு வெளங்கினா கோவம் வரும்" என்றாள்.

நான் ஏன் என்று கேட்டால் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். யாரும் தன்னைக் கேட்கவிடாத கேள்வியையெல்லாம் என்னைக் கேட்க வைத்தாள். என் மண்டையில் ஒன்றும் ஏறாது என்று நானே நம்பியிருந்தேன். அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது பொய் என்று தெரிந்தது.

மறுபடியும் டிசம்பர். மழை இல்லை. ரோடு நன்றாக இருந்தது. நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். அதே பள்ளிக்கூடம், அதே கேட். அவள் கேட் பக்கத்தில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு உள்ளே வந்தாள். அவளுக்கு முன் வரிசையில் இடம். நான் பின்னால். அவள் முதுகும் கையும் எனக்கு நன்றாகத் தெரிந்தன.

வினாத்தாளைத் திருப்பினேன். கேள்விகள் விளங்கின. எழுத ஆரம்பித்தேன். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். அவள் எழுதவில்லை. கேள்வியை வாசித்துவிட்டு யோசிக்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, கொழுந்துக் கறை பிடித்த விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட முடியுமா? எழுந்து போய்த் தொட முடியுமா? மண்டபத்தில் ஒரு சத்தம் போட முடியாது. இரண்டாவது தாளுக்கும் அப்படியேதான். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லித் தந்ததை அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி எழுதல? என்னடி ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் களைத்துப் போயிருந்தாள். "எல்லாம் தெரிஞ்ச கணக்குதாண்டி. மனசுக்குள்ளயே செஞ்சு பாத்தேன், சரியா வந்திச்சு. பேனாவ எடுத்தாலே அந்த கேட்டுதான் கண்ணுக்கு முன்னால வந்திச்சு, எழுதத்தான் முடியல" என்றாள். பஸ் வரும் வரைக்கும், நான் எந்தெந்தக் கேள்வியைச் செய்தேன், எப்படிச் செய்தேன் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஒரு இடத்தில் நான் பிழை விட்டிருந்தேன். அதையும் கண்டுபிடித்துச் சொன்னாள்.

எனக்கு மற்றப் பாடங்களும் தேறி, கணக்கில் 'சி' வந்தது. அவளுக்கு 'டபிள்யூ'. சித்தியில்லை.

செய்தி கேட்டதும் அவள் எங்கள் காம்பராவுக்கு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எங்கள் அம்மாதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மூன்றாவது தரம் எழுது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "போதும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் பதுளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி உயர்தரம் படிக்கப் போனேன். அவள் மலைக்குப் போனாள்.

இப்போது நான் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் உதவியாளராக இருக்கிறேன். வருடத் தொடக்கத்தில் நடந்த கூட்டத்தில், பதினோராம் வகுப்பை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவெடுத்தார்கள். நான் எழுந்து வேண்டாம் என்றேன். காரணமும் சொன்னேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு புது அதிபர், "நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா பெறுபேறு கொறைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கிடைத்தது தேறாத பிள்ளைகளின் வகுப்பு. அவர்களுக்கு நான் விளங்குகிற மாதிரிக் கணக்குச் சொல்லித் தர ஆரம்பித்தேன். ஒரு தவணை, மூன்று மாதம்தான் ஓடியது. மேற்பார்வைக்கு வந்தவர்கள், இத்தனை மாதத்தில் எத்தனை வினாத்தாள் செய்வித்தீர்கள் என்று கேட்டார்கள். அதன் பிறகு நானும் பழைய வினாத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டால் மணியைப் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுணுகலைக் கடைத்தெருவில் அவளைக் கண்டேன். கல்யாணமாகித் தோட்டத்தின் வேறு டிவிசனில் இருக்கிறாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. முகம் வெயிலில் கறுத்திருந்தது. என் காலைப் பார்த்து, குளிருக்கு இன்னும் வலிக்கிறதா என்றுதான் முதலில் கேட்டாள். நின்றபடியே கொஞ்சம் பேசினோம்.

"கணக்குத்தானே படிப்பிக்கிற? புள்ளைங்களுக்கு எப்பிடிச் சொல்லிக் குடுக்குற?" என்று ஆசையோடு கேட்டாள்.

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பழைய வினாத்தாள் செய்யிறோம்" என்றேன்.

அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஆமா, வேற என்னா செய்ய முடியும் ஒன்னால?" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, சனத்துக்குள்ளே நடந்து போய்விட்டாள்.

பரீட்சை எனக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தது என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அது யாரிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தது என்பது தெரிந்த நான், ஒவ்வொரு நாளும், ஏன் என்று கேட்கவிடாத அதே வேலையை அடுத்த பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்போடுதான் வகுப்புக்குள் கால் வைக்கிறேன்.